நுரை வந்த பிறகே பொரி

அவிநாசி, பூந்துறையார் ரெசின்ஸ் நிறுவனத்தின் துணைப் பாதுகாப்பு அலுவலர் திருமதி தெய்வாத்தாள் அவர்களின் பணி நிறைவு விழாவில், திரவக் கிடங்குத் தோழர்கள் வாசித்து வழங்கும் மடல்

அன்பும் அறிவும் அளவாய்க் கலந்த அம்மையீர்! தொட்டிகளின் தூக்கம் கலையாமல் காத்த தூயவரே! வாயிலில் கால் வைக்கும்போதே காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று கண்ணால் அளந்துவிட்டு, அதன் பிறகே எங்களுக்குக் காலை வணக்கம் சொல்லும் காவல் அரணே! சட்டைப் பையில் தீப்பெட்டியோடு வந்த சீமான்களையும் சிரித்த முகம் மாறாமல் திருப்பி அனுப்பிய சீர்மையே! பெயரில் தெய்வத்தை வைத்திருந்தும், பிழை செய்யும் மனிதப் பிறவிதான் நானும் என்று பெரியவர்கள் நடுவே எழுந்து நின்று சொன்ன பெருந்தகையே! வணக்கம், வணக்கம், வாயார வணக்கம்!

இந்த அடைமொழிகளைக் கேட்டதும் நீங்கள் நாற்காலியில் நெளிவீர்கள் என்பது எழுதும்போதே எங்களுக்குத் தெரியும். "போதுமுங்க, விடுங்க" என்று கையைத் தூக்குவீர்கள் என்பதும் தெரியும். ஆகவே ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். இனிக் கொஞ்ச நேரத்துக்கு உங்களை 'நீங்கள்' என்று சொல்லப் போவதில்லை. 'அவர்' என்றுதான் சொல்லப் போகிறோம். யாரோ ஒரு தெய்வாத்தாளின் கதை என்று நினைத்துக்கொண்டு, காபி ஆறுவதற்குள் குடித்தபடி கேளுங்கள். கதையில் வருவதெல்லாம் டீ நேரங்களில் நீங்களே எங்களிடம் சொன்னவைதாம். எங்கள் சரக்கு கொஞ்சம் மசாலா மட்டுமே.

தெய்வாத்தாள் என்றால் பெரிய தீயை அணைத்த அம்மா என்றுதான் வெளியில் பேச்சு. அணைத்தது உண்மை. ஆனால் நாங்கள் அவரைக் கையெடுத்துக் கும்பிடுவது அந்தத் தீக்காக அல்ல. அதற்கு அடுத்து வந்த திங்கட்கிழமைக்காக. அன்று அவர் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் பாதுகாப்புத் துறையின் தலைமை நாற்காலி அவருக்கு. ஆனால் துடியலூரில் சின்னதாகப் பட்டறை வைத்திருந்த ரிஃபத் என்பவரின் தொழில் அன்றோடு முடிந்திருக்கும். வாயைத் திறந்தால் நாற்காலி போகும், பட்டறை பிழைக்கும். அவர் என்ன செய்தார் என்பது, இன்றைய அழைப்பிதழில் அவர் பெயருக்குக் கீழே இருக்கும் 'துணை' என்ற சொல்லைப் பார்த்தவர்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். புரிந்தாலும் பொறுத்துக் கேளுங்கள்.

குடும்பத்தோடு வந்திருக்கும் விருந்தினர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். எங்கள் தொட்டிகளில் இருப்பது டொலுவீன். தின்னர் வாசம் அடிக்குமே, அந்தச் சாதி. அது பற்றிக்கொண்டால் தண்ணீரை ஊற்றி அணைக்க முடியாது. தண்ணீர் கனமானது, அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். எரிகிற டொலுவீன் அதன் மேல் மிதந்துகொண்டு எரியும். அதற்கு நுரைதான் வேண்டும். தண்ணீரோடு கொஞ்சம் நுரைத் திரவம் கலந்து குழாயில் வரும். தொட்டிகளைச் சுற்றிய தடுப்புச் சுவரின் ஓரத்தில் ஃபோம் மேக்கர் என்று ஓர் இரும்புக் கழுத்து உண்டு. அதிலுள்ள ஓட்டைகள் வழியாகக் காற்றை இழுத்துக்கொண்டால் அந்தத் தண்ணீர் வெள்ளை நுரையாகப் பொங்கி, எரிகிற திரவத்தின் மேல் போர்வை மாதிரி படரும். காற்று இழுக்கவில்லை என்றால் நுரை இல்லை. பால் கலந்த மாதிரி வெளுத்த தண்ணீர்தான் கொட்டும். அவ்வளவுதான் சங்கதி.

இனிக் கதை. எங்கள் ஆலையில் ஆயுத பூஜை என்றால் சாதாரணமில்லை. முதலாளி அப்புசாமி ஐயா ஒரு சுழற்கோப்பை வைத்திருக்கிறார். எந்தப் பிரிவு மிக அழகாக இருக்கிறதோ அந்தப் பிரிவுக்குக் கோப்பை. மரப் பீடத்தில் ஒரு பித்தளைத் தகட்டில் பெயரும் ஏறும். ஆண்டு தவறாமல் அதைத் தூக்கிக்கொண்டு போனது கொதிகலன் பிரிவின் கிருபாசங்கர். வாழை மரம், சீரியல் விளக்கு, செண்டுமல்லித் தோரணம் என்று அவர் கொதிகலனை மாப்பிள்ளையாக்கி நிறுத்திவிடுவார். போகிற போக்கில், "அக்கா, உங்க கிடங்குக்குப் பொட்டு மட்டும் வெச்சா போதுமுங்க, அது பாவம்" என்று ஒரு வார்த்தை வேறு விட்டுவிட்டுப் போவார்.

தெய்வாத்தாள் வேதியியல் படித்து, ஆய்வகத்தில் சேர்ந்து, பிறகு பாதுகாப்புக்கு வந்தவர். பொறுமைசாலி. ஆனால் அந்தப் 'பாவம்' என்ற சொல் அவருக்குள் முள்ளாகத் தங்கிவிட்டது. அந்த ஆண்டு, பூஜைக்கு ஒரு வாரம் இருக்கும்போதே தீயணைப்புக் குழாய்கள் முழுவதையும் சுரண்டிச் சுத்தம் செய்ய வைத்தார். பிறகு ரத்தச் சிவப்பில் எனாமல் பெயிண்ட். மற்றவர்களிடம் விட்டால் வழியவிட்டுவிடுவார்கள் என்று, ஃபோம் மேக்கர் இரண்டுக்கும் தன் கையாலேயே ப்ரஷ் பிடித்தார். ஒரு பூச்சு காய்ந்ததும் அதன் மேல் இன்னொன்று. கன்னத்தில் ஒரு சிவப்புத் துளியோடு அவர் கொஞ்சம் தள்ளி நின்று தலையைச் சாய்த்துப் பார்த்ததை எங்கள் தீயணைப்புக் குழுவின் மெர்வின் இன்றைக்கும் நடித்துக் காட்டுவார்.

அந்தக் காற்று ஓட்டைகளுக்கு மேல் மெல்லிய கம்பி வலை உண்டு, பூச்சி புகாமலிருக்க. வலையின் கண்களெல்லாம் பெயிண்டைக் குடித்து மூடிக்கொண்டன. அந்த ஓட்டைகள் எதற்கென்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடியவர் அவர். அன்று அவர் கண்ணுக்குச் சிவப்பும் பளபளப்பும் மட்டும்தான் தெரிந்தன. சோதனையிலாவது பிடிபட்டிருக்கலாம். ஆனால் நுரைத் திரவத்தை வீணாக்குவானேன் என்று வெறும் தண்ணீரை ஓடவிட்டுப் பார்ப்பதுதான் அன்றைக்கு எங்கள் வழக்கம். தண்ணீர் நன்றாக வந்தது. கோப்பையும் வந்தது. கிருபாசங்கர் முகம் வற்றிய கிணறு போல ஆனது. கிடங்குத் தோழர்கள் பொரியும் சுண்டலும் இரண்டு பங்கு சாப்பிட்டோம்.

தீபாவளிக்கு முன்பு ஒரு மதியம், டேங்கர் லாரியிலிருந்து டொலுவீன் இறக்கிக்கொண்டிருந்தபோது குழாய் இணைப்பு கழன்றது. தடுப்புச் சுவருக்குள் திரவம் குளமாகப் பரவி, எங்கோ ஒரு நிலைமின் பொறியில் பற்றிக்கொண்டது. பம்ப் ஓடியது, தெய்வாத்தாள் நுரை வால்வைத் திறந்தார். இரண்டு வாயிலிருந்தும் வெளுத்த தண்ணீர்தான் கொட்டியது. சுவருக்குள் தண்ணீர் ஏற ஏற, எரிகிற டொலுவீனும் அதன் மேல் ஏறியது. சுவரைத் தாண்டி வழிந்தால் அடுத்தது ரெசின் கொட்டகை. உள்ளே ஆட்கள்.

ஏன் நுரை வரவில்லை என்று மற்றவர்கள் ஆளுக்கொன்றாகக் கத்திக்கொண்டிருந்தார்கள். அவருக்குக் கத்தத் தேவையிருக்கவில்லை. அந்தச் சிவப்பைப் பார்த்த மறுகணமே தான் பிடித்த ப்ரஷ் நினைவுக்கு வந்தது என்பார். அந்த வெளுத்த தண்ணீரை நுரையாக்க இருக்கும் ஒரே வழியும் தெரிந்துவிட்டது. "மெர்வின், தண்ணியைப் பூவாட்டம் விரிச்சு என் மேல அடிச்சுக்கிட்டே வாங்க, நிறுத்தாதீங்க கண்ணு" என்று சொல்லிவிட்டு, கருவிப் பெட்டியிலிருந்த திருப்புளியோடு சுவரோரம் ஓடினார். மெர்வின் விரித்த நீர்த்திரைக்குள் குனிந்தபடி, பெயிண்ட் மூடிய வலையைக் குத்திக் கிழித்தார். உஸ்ஸென்று காற்று உள்ளே இழுபட்டது. அடுத்த மூச்சில் நுரை பொங்கி இறங்கியது. இரண்டாவதும் அப்படியே. வெள்ளை மெல்ல நகர்ந்து நகர்ந்து, நெருப்பை ஒரு மூலைக்கு ஒதுக்கி, அங்கேயே மூடியது.

அணைந்த சந்தோஷத்தில் மெர்வின் தண்ணீரை நேராகப் பீய்ச்சப் போனார். "அடிக்காதீங்க! போத்தினதைக் கலைச்சா மறுபடி எந்திரிக்குமுங்க" என்று தடுத்து, நுரைக்கு மேல் நுரை விட்டபடி பொழுது சாயும்வரை அங்கேயே நின்றார். முழங்கைக்குக் கீழே தோல் வெந்திருந்ததை அதன் பிறகுதான் பார்த்தார். போகும்போது கீழே கிடந்த வலைத் துண்டைப் பொறுக்கிக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார். ஏன் போட்டுக்கொண்டார் என்று கேட்டால், "தெரியலீங்க, கீழ கெடக்க வேண்டாம்னு தோணுச்சு" என்பார்.

ஊரே அவரைக் கொண்டாடியது. வீட்டுக்கு ஆப்பிளும் சாத்துக்குடியுமாக வந்து குவிந்தன. மகள் புவனாவுக்கு அப்போதுதான் நிச்சயம் ஆகியிருந்தது. சம்பந்தி வீட்டார் கோபிசெட்டிபாளையத்திலிருந்து காரெடுத்து வந்து, "இப்படி ஒரு ஊட்டுல பொண்ணெடுக்கக் குடுத்து வெச்சிருக்கோணுமுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். காலியாக இருந்த பாதுகாப்புத் துறைத் தலைவர் பதவி இனி அவருக்குத்தான் என்று அப்புசாமி ஐயாவே தொலைபேசியில் சொன்னார். ஒவ்வொரு பாராட்டும் அவருக்கு வெந்த கையில் சூடு வைத்தது போலிருந்தது. ஏனென்றால் அதே தொலைபேசியில் ஐயா இன்னொன்றும் சொல்லியிருந்தார்: "அந்த ஃபோம் சாமான் செஞ்சு குடுத்த ஆளைத் திங்கக்கிழமை வரச் சொல்லியிருக்கேனுங்க. ஒரு முடிவு கட்டிப்போடலாம்."

அங்கே நின்ற அத்தனை பேரும் பார்த்தது ஒன்றுதான். கருவி வேலை செய்யவில்லை, அக்கா குத்தி வேலை செய்ய வைத்தார். ஆகவே கருவியில் குறை. கிழிந்த வலையில் ஒட்டியிருந்த பெயிண்டைப் பார்த்தவர் அவர் ஒருவரே. அந்தத் துண்டைக் குப்பையில் போட்டுவிட்டால் அவரைக் கேட்க ஒருவரும் இல்லை. திங்கட்கிழமை வரையிலான மூன்று நாளும் அவர் கோட்டுப் பையில் கையை விடவே பயந்தார்.

திங்கட்கிழமை வந்தது. கூட்ட அறையில் ஐயா, கிருபாசங்கர், மெர்வின், இன்னும் சிலர். ரிஃபத் ஓரத்து நாற்காலியில், தன் பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தார். எங்கள் பக்கத்து மரியாதை உங்களுக்குத் தெரியும். ஒருவர் தொழிலை முடிக்கும்போதும் 'ங்க' குறையாது.

"ஏனுங்க ரிஃபத், நம்பித்தானுங்களே உங்ககிட்டக் குடுத்தோம்? நெருப்பு மேல வெறுந்தண்ணி ஊத்துதுன்னா அதுக்கு எதுக்குங்க ஃபோம்னு பேரு?" என்றார் ஐயா.

"எங்க பட்டறையில நுரை வந்து, கண்ணால பாத்துட்டுத்தானுங்க அனுப்பினேன். என்ன ஆச்சுன்னு எனக்கே புரியலீங்க" என்றார் ரிஃபத்.

"நல்லவேளைங்க, அக்கா இருந்தாங்க. இல்லாட்டி நாம இன்னைக்கு வேற எதுக்கோ கூடியிருப்போம்" என்றார் கிருபாசங்கர்.

"இனி உங்க சாமான் நமக்கு வேண்டாமுங்க. வேற கம்பெனிக்காரங்க கேட்டாலும் நடந்ததை நடந்தபடி சொல்லிப்போடுவேன். தப்பா நெனச்சுக்காதீங்க" என்றார் ஐயா.

அப்போதுதான் தெய்வாத்தாள் உள்ளே வந்தார். ஒரு கையில் கட்டு. இன்னொரு கையில் ஆயுத பூஜைக் கோப்பை. பாராட்டு வாங்கக் கோப்பையோடு வந்துவிட்டார் என்று இரண்டு பேர் கைதட்டக்கூடத் தொடங்கினார்கள். அவர் அதை மேசை மேல் வைத்தார். உள்ளே ஏதோ கலகலத்தது. அதற்குள் கையை விட்டு வலைத் துண்டை எடுத்து ஐயாவின் முன்னால் வைத்தார்.

"அவரு சாமான்ல குத்தமில்லீங்க. காத்துப் போற வழியைப் பெயிண்ட் அடிச்சு மூடினது நானுங்க. இந்தக் கோப்பைக்கு ஆசைப்பட்டு, என் கையாலயே ரெண்டு கோட்டு அடிச்சேனுங்க."

ஐயா வலையை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். ஒரு கண்ணிலும் வெளிச்சம் வரவில்லை.

"இதைச் சொல்லச் சொல்லி உங்களை ஆருங்க கேட்டா, அம்மணி?"

"ஆரும் கேக்கலீங்க. கேக்கவும் மாட்டாங்கன்னு தெரியுமுங்க. அதுதானுங்க தாங்க முடியலை."

ஐயா வலையை மேசை மேல் வைத்தார். பிறகு, "சரி, போய் வேலையைப் பாருங்க" என்றார். அது மன்னிப்பா, கோபமா என்று அன்று யாருக்கும் தெரியவில்லை. ரிஃபத் எழுந்து நின்றார். கோப்பையின் பீடத்திலிருந்து அந்த ஆண்டின் தகட்டைத் தெய்வாத்தாள் தானே கழற்றிக் கொடுத்துவிட்டு வெளியே போனார். அந்த இடத்தில் இரண்டு திருகாணித் துளைகள் இன்றைக்கும் வெறுமையாக இருக்கின்றன. அதற்குப் பிறகு கோப்பை வாங்கிய யாரும் அந்த இடத்தில் தங்கள் தகட்டை வைக்கத் துணியவில்லை.

தலைமை நாற்காலிக்கு வெளியிலிருந்து ஒருவர் வந்தார். தெய்வாத்தாள் துணையாகவே இருந்தார், இன்றுவரை. அதில் வருத்தம் இல்லை என்று நாங்கள் எழுதினால் அவரே திருத்திவிடுவார். வருத்தம் இருந்தது. புதிய தலைவரின் அறையில் மின்விசிறி மாட்டிய நாளில் அவர் டீ குடிக்க வரவில்லை. ஆனால் புவனாவின் கல்யாணத்தில் பந்தி பரிமாறியவர்களில் ரிஃபத் ஒருவர். சம்பந்தி வீட்டாருக்கும் விஷயத்தைத் தெய்வாத்தாளே முன்கூட்டிச் சொல்லியிருந்தார்; அவர்கள் இன்னொரு கூடை சாத்துக்குடியோடு வந்தார்கள்.

அடுத்த ஆயுத பூஜையில் அவர் ஒரு வழக்கத்தைத் தொடங்கினார். பூஜை முடிந்ததும் பொரி கிடையாது. முதலில் நுரை. மண்ணைக் கெடுக்காத பயிற்சித் திரவத்தைக் கலந்து, வால்வைத் திறந்து, காற்று ஓட்டையருகே உள்ளங்கையை வைத்து அது இழுப்பதை உணர்ந்து, வெள்ளை நுரையைக் கண்ணால் பார்த்த பிறகுதான் பொரிப் பொட்டலம் பிரிக்க வேண்டும். கழிவு ஒரு சொட்டுக்கூட நல்லாற்றுப் பக்கம் போகாமல் குழியில் பிடிக்க வேண்டும். குழந்தைகள் பொரிக்கு அழுதார்கள். பெரியவர்கள் முணுமுணுத்தார்கள். "சாமிக்கே காட்டியாச்சு, இனி எதுக்குங்க இது?" என்றார் கிருபாசங்கர்.

வால்வைத் திறந்தார். ஒரு பக்கம் நுரை. மறுபக்கம் வெளுத்த தண்ணீர். முணுமுணுப்பு அப்படியே நின்றது. போய்ப் பார்த்தால், புது வலையின் மேல் குளவி மண்ணைக் குழைத்து அழகாகக் கூடு கட்டியிருந்தது. பெயிண்ட் கூட இல்லை, ஒரு குளவி! ஐயா அதைக் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து தெய்வாத்தாளைப் பார்த்தார். கூட்டைத் தட்டி, நுரை வந்த பிறகு முதல் பொரிப் பொட்டலத்தை எடுத்து அவர் கையில் தானே கொடுத்தார். அன்றுதான் அந்தத் திங்கட்கிழமைக்குப் பதில் கிடைத்ததாக நாங்கள் கணக்கு வைத்திருக்கிறோம். அதற்குப் பின் ஓர் ஆண்டும் நுரைக்கு முன்னால் இங்கே பொரி தின்றவர் இல்லை.

அம்மையீர்! இனி மீண்டும் 'நீங்கள்' என்றே அழைக்கிறோம். கதை முடிந்துவிட்டது, இனித் தப்ப முடியாது. தீயை மூடத் தெரிந்தவர்கள் நாட்டில் பலர் உண்டு. தன் பிழையை மூடாமல் விட்டவரை நாங்கள் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறோம். அந்தப் பேற்றுக்கு இந்த மடல் ஈடாகாது. உங்களுக்கு அருகில் அமர்ந்திருக்கும் ரிஃபத், இன்று எத்தனையோ ஆலைகளுக்குச் செய்து அனுப்பும் ஒவ்வொரு ஃபோம் மேக்கரிலும், பெயிண்ட் அடிக்கும் முன் வலையைக் கழற்றவும் என்று தமிழில் பொறித்தே அனுப்புகிறார். அவருடைய பட்டறைப் பிள்ளைகள் அதற்குத் தெய்வா மாடல் என்று பெயர் வைத்திருப்பது உங்களுக்குத் தெரியாது. இப்போது தெரிந்துகொண்டீர்கள்.

உடலில் நோயின்றி, உறக்கத்தில் கலக்கமின்றி, வாசனை என்றால் மல்லியும் மஞ்சளும் மட்டுமே என்றாகும் இனிய நாட்கள் நிறைய நிறைய உங்களுக்கு வாய்க்கட்டும்! பேரப் பிள்ளைகளோடு அவிநாசித் தேர் பார்க்கும்போது, தேருக்குப் பக்கத்தில் தண்ணீர் லாரி நிற்கிறதா என்று தேடாமல் தேரை மட்டும் பார்க்கும் மனமும் வாய்க்கட்டும்! அது நடக்காது என்று தெரிந்தும் வாழ்த்துகிறோம்.

பொன்னாடை மேடையில் இருக்கிறது, பந்தியில் இலை போட்டாகிவிட்டது. ஆனால் வழக்கம் மாறக் கூடாது. இந்த மடல் முடிந்ததும் எல்லோரும் கிடங்குக்கு வாருங்கள். இன்று ஒரு மாற்றம் மட்டும். வால்வை மெர்வின் திறப்பார். காற்று ஓட்டையில், எங்கள் குழுவுக்குப் புதிதாக வந்த ஜெனிதா கை வைத்துப் பார்ப்பார். நீங்கள் வெறுங்கையோடு, பொரிக்குக் காத்திருக்கும் எங்கள் கூட்டத்தில் ஒருவராக நிற்க வேண்டும். நுரை வரவில்லை என்றால், மன்னியுங்கள், நாளைக் காலை ஷிப்டுக்கு வந்துவிடுங்கள். நுரை வந்தால், நாங்கள் எல்லோரும் உங்களைத் திரும்பிப் பார்ப்போம். சரி என்று நீங்கள் ஒரு தடவை தலையசைக்க வேண்டும். அதன் பிறகுதான் உங்களை வீட்டுக்கு அனுப்ப எங்களுக்கு மனம் வரும்.

நுரைக்குக் காத்திருக்கும்,
திரவக் கிடங்கு, தீயணைப்புக் குழுத் தோழர்கள்
கொதிகலன் பிரிவு சார்பில், கோப்பையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, கிருபாசங்கர்
பூந்துறையார் ரெசின்ஸ், அவிநாசி